நாலாம் பிறையும் பத்தங்குலக் கண்ணாடியும்

கொக்குவிலில் எங்கள் வளவுக்கு வானமே கிடையாது. அண்ணாந்தால் தென்னை, திரும்பினால் மா, மிச்ச இடத்தில் பலா. மேற்கு வெளித்துத் தெரிவது வேலிக்கு அப்பால், மச்சாளின் வளவில்தான். மச்சாள் என் கணவரின் அக்கா. பெயர் மகாதேவி.

தொலைநோக்கி வாங்கும்போதே வீட்டில் சண்டை. என் கணவர் ஒரு மூன்றங்குலப் பித்தளைக் குழாயைத் தெரிவுசெய்து வைத்துக்கொண்டு, "இது வடிவாய் இருக்கு," என்றார். சம்பந்தம் பேசவா போகிறோம், வடிவு பார்க்க? நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். வாய் அகலமானால் நிறைய வெளிச்சம் உள்ளே விழும், கண்மூடித் திறப்பதற்குள் படம் பிடித்துவிடலாம். வாய் சின்னதென்றால் வெளிச்சம் சேருவதற்குள் நிலவு நகர்ந்து படம் இழுபட்டுப் போகும். அடியில் பத்தங்குலக் கண்ணாடி வைத்ததுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன்.

வந்து இறங்கியதோ ஆளுயர மரக்குழாய். நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். தூண் கட்டிப் பூட்டினால் அங்கேதான் நிற்கவேண்டும். மச்சாள் இடம் தந்தார், ஒரு நிபந்தனையோடு.

"ஆவணிச் சதுர்த்தியிலை ஆரும் நாலாம் பிறையைப் பாத்தால், அண்டைக்கே உந்தக் குழாயைக் கழட்டிக்கொண்டு போயிடவேணும். என்ரை வளவிலை நிண்டு ஒருத்தரும் வீண்பழி தேடக்கூடாது."

அந்தப் பிறையைக் கண்டவர் தலையில் செய்யாத குற்றம் வந்து விழும் என்பது ஊரறிந்த பயம். இவர் உடனே தலையாட்டினார். நானும் ஆட்டிவைத்தேன்.

அடுத்த ஆவணியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதுர்த்தியன்று பொழுதுபடும் நேரம், பிறை வெள்ளிக் கோளை மறைக்கப்போகிறது! இன்னொருமுறை இந்த ஊரிலிருந்து அதைக் காண எனக்கு ஆயுள் போதாது. அழுகை அழுகையாக வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும்.

"மச்சாள், நாங்கள் பிறையைப் பாக்கமாட்டம். கண்ணாடியிலை விழுற நிழலைத்தான் பாப்பம். பிறை மேற்கிலை, எங்கடை முகம் வடக்குப் பக்கம் இருக்கும். கிணத்துக்கை பிறை விழுந்தால் கிணத்தை மூடுறியளோ?"

மச்சாள் யோசித்தார். "நிழலெண்டால் சரி. ஆனால் ஆரும் அண்ணாந்ததைக் கண்டன், அவ்வளவுதான்."

சதுர்த்தியன்று கோயிலிலிருந்து தலைகுனிந்தபடி வந்த மச்சாள், கதிரை போட்டு உட்கார்ந்து எங்கள் நாடி நிமிர்கிறதா என்று காவல் காத்தார். நாங்கள் குனிந்த தலை நிமிராமல் குழாயை மெல்ல மெல்ல அரக்கி நகர்த்தி, பக்கத்தில் பூட்டிய கமராவின் மங்கல் கண்ணாடியில் பிறையை விழுத்தினோம். இவர் படத் தகட்டைச் செருகி ஒரு படம் பிடித்துவிட்டுத் தகட்டைக் கழற்றினார். கண்ணாடியில் மறுபடி பிறை விழுந்தது.

மச்சாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நிழல்தானே," என்று எழுந்து வந்து குனிந்தார். பிறை தலைகீழாகத் தெரிந்தது.

"உது நாலாம் பிறையே? கவிண்ட தோணிமாதிரிக் கிடக்கு. உப்பிடி ஒரு பிறை வானத்திலையே இல்லை!"

தீர்ப்புச் சொன்னவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய நான் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வெள்ளி, பிறையின் இருண்ட பக்கத்தை நெருங்கியது. தொட்டது. மங்கி மங்கி அணைந்தது.

"ஐயோ, வெள்ளி எங்கை?" என்று கத்தினார் மச்சாள்.

விசுக்கென்று நிமிர்ந்து அண்ணாந்து பார்த்தார். மேற்கு முழுவதும் தேடி, ஆற அமரப் பார்த்தார். பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"நான்... நான் வெள்ளியைத்தான் பாத்தனான்."

"வெள்ளி அங்கை இல்லையே, மச்சாள். பிறை மட்டும்தானே இருக்கு."

இவர் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது. கூடவே பயமும். சொன்ன சொல் தவறாதவர் மச்சாள்.

"அப்ப, கழட்டட்டோ?" என்றேன்.

அவர் மறுபடி கண்ணாடியில் குனிந்தார்.

"வெள்ளி மற்றப் பக்கத்தாலை வருமோ?"

"ஓம், கொஞ்ச நேரத்திலை வரும்."

"அப்ப அந்தக் கதிரையைக் கிட்ட இழு."

அடுத்த நாள் நான் கோயிலடிக்குப் போனபோது பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சதுர்த்தியன்று நான் வெட்கமில்லாமல் அண்ணாந்து நாலாம் பிறையைப் பார்த்தேனாம். பெருந்தன்மையோடு மச்சாள் என்னை மன்னித்துவிட்டாராம். பிறையைப் பார்த்தவர் அவர், வீண்பழி எனக்கு!

பழியை நானே தலையில் போட்டுக்கொண்டேன். தொலைநோக்கி இன்றும் அவருடைய வளவில்தான் நிற்கிறது.