மேனேஜர் கொடுத்த பொட்டலம்

என் புருஷன் சபரிக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும். இங்கே அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஒரு மருந்து கம்பெனியில் டேட்டா பார்க்கிற வேலை. அந்த வேலையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மாமா, அதாவது அவருடைய அப்பா, கோபியிலிருந்து வந்து சேர்ந்த வாரமே வயிறு உப்பிக்கொண்டு கஷ்டப்பட்டார். நான் ஓமமும் சுக்கும் போட்டுக் கொதிக்கவைத்தேன்.

"இதுக்கு எவிடன்ஸ் இருக்கா வான்மதி? ட்ரையல் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டு, டம்ளரை வாங்கி சிங்க்கில் ஊற்றினார் சபரி. மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஆபீஸ் மேனேஜர் ஒரு சீன மூலிகைப் பொட்டலம் கொடுத்தார். அவருடைய அம்மா வயிற்றுக்குச் சாப்பிடுவதாம். வருஷக் கடைசியில் ரேட்டிங் போடப்போகிற மேனேஜர். அன்று சாயங்காலமே சபரிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

"பாரு, ஸ்டடியே இருக்கு. ப்ளோட்டிங், அதான் வயித்து உப்புசம், நல்லா குறையுதாம்."

"மாமா பிரஷர் மாத்திரை போடறாருங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"ஹெர்பல்தான? உன்ற சுக்குக்கு யாரைக் கேட்ட?"

தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தார். மாமாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. பிள்ளை நீட்டினால் எதையும் குடிப்பார். உள்ளதைச் சொல்ல வேண்டும், வயிறு அடங்கியது. அந்தத் தெம்பில் இரண்டு வேளை மூன்று வேளையானது.

மாமாவுக்குக் கால் வலுவிழக்கத் தொடங்கியது. ஒருநாள் ஐசலினில் காய்கறிக் கடைக்குள் கூடையோடு சரிந்து விழுந்தார். பொட்டாசியம் மிகவும் இறங்கிவிட்டது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்றார் எமர்ஜென்சி டாக்டரம்மா. மாத்திரையைத் தவிர மூலிகை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

சபரி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "மை ஒய்ஃப் கிவ்ஸ் ஹிம் சம் ஹோம் ரெமடீஸ்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் எடுத்து வைத்திருந்த பொட்டலத்தின் படத்தை நீட்டினேன். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்து ஓரிடத்தில் விரல் வைத்தார். அதிமதுரம். நீர் பிரிகிற பிரஷர் மாத்திரையோடு அது தினமும் சேர்ந்தால் பொட்டாசியத்தைக் கரைத்துவிடுமாம். காரணம் தெரிந்ததால் மாமா பிழைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்டடியை நான் படித்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களை முதலிலேயே விலக்கிவிட்டுத்தான் ஆராய்ச்சியே செய்திருந்தார்கள். ஆதாரம் கேட்கிற மனுஷன் முதல் பத்தியைத் தாண்டவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, முழங்கால் வலியால் ஊரிலேயே தங்கிவிட்ட அத்தை வீடியோ காலில் வந்தார்.

"வான்மதி ஏதோ கஷாயம் வெச்சுக் குடுத்துட்டாம்மா. இப்பச் சரியாயிருச்சு" என்றார் சபரி.

மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் நாத்தனார் எழுதிவிட்டாள், நல்லவேளை தம்பி பக்கத்தில் இருந்தான் என்று.

மறுநாள் சபரி ஆபீஸ் போனதும் மாமா சமையலறைக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. ஊருல அவனுக்கு ஒரு பேரு இருக்குது. நீ பொறுத்துப் போற புள்ள."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் நகரவில்லை.

"வயிறு மறுக்காவும் உப்புசமா இருக்குது. அந்த ஓமத்தண்ணி கொஞ்சம் வெச்சுத் தர்றயா? சபரிக்குத் தெரிய வேண்டாம்."

ஓமம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அதுக்கு எவிடன்ஸ் இல்லீங்க மாமா" என்றேன். "அதுவுமில்லாம, என்ற கஷாயத்துலதான உங்களுக்கு இப்படி ஆச்சு?"

மாமா வயிற்றைத் தடவிக்கொண்டே வெளியே போனார். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.