பதினைந்து அடி உள்ளே

என் புருஷன் மைலோவுக்கு வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. நாய் போனாலும் போகட்டும், நிலத்தில் ஓரடி போகக் கூடாது. இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரமாக அவன் செய்ததெல்லாம் அதுதான்.

நாயின் பெயர் மாக். கறுப்பு பார்டர் கோலி. மந்தை மேய்க்கவே பிறந்த ஜாதி. எங்களிடம் மந்தை ஏது? நெப்ராஸ்காவில் இந்தப் பக்கம் பூராவும் சோளமும் சோயாவும்தான். அதனால் பக்கத்து நிலத்து ரோஸலியின் வாத்துகளை மேய்க்கும். கடிக்காது, ஒரு இறகைக்கூடப் பிடுங்காது. நாற்பது வாத்தையும் ஒன்றுசேர்த்து அவள் டிராக்டர் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும். ரோஸலி இரண்டு தடவை ஷெரிஃப் ஆபீசுக்கு போன் போட்டுவிட்டாள். இரண்டாம் தடவை வந்த டெபுட்டி டேல், "மூணாவது புகார் வந்தா நாயைக் கொண்டுபோயிடுவோம், டார்லீன். சட்டம் அப்படி" என்றான்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் டென்வருக்குப் போன பிறகு, இந்த வீட்டில் நான் பேசுவதைத் தலை நிமிர்த்திக் கேட்கிற ஒரே ஜீவன் மாக்தான். மைலோவும் கேட்கிறான் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் அந்த ஜி.பி.எஸ். கழுத்துப் பட்டையை வாங்கினோம். கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. போனில் நிலத்தின் படம் வரும், அதில் எல்லைக்கோடு போட வேண்டும். நாய் கோட்டை நெருங்கினால் பட்டை பீப் என்னும். கோட்டைத் தாண்டினால் அதிரும்.

கோடு போடும் வேலையை மைலோவிடம் விட்டது என் முட்டாள்தனம். சர்வேக்காரர்கள் அடித்த இரும்புக் கம்பிகள் நாலு மூலையிலும் இருக்கின்றன. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பியிலிருந்து கம்பிக்கு நூல் பிடித்த மாதிரி நடந்து கோடு போட்டான். ஓரங்குலம் விடவில்லை.

வானத்திலிருந்து வருகிற சிக்னல் அங்குலமெல்லாம் பார்க்குமா? நல்ல நாளிலேயே பத்தடி முன்னே பின்னே காட்டும். எங்கள் தகரக் கொட்டகைப் பக்கம் இன்னும் மோசம். மாக் வாசலில் தூங்கும்போது பட்டை கத்தும். அது ரோஸலியின் நிலத்துக்குள் பத்தடி போய் நிற்கும்போது பட்டை வாயே திறக்காது.

கொட்டகைத் தொல்லையை நானே சரிசெய்தேன். வீட்டையும் கொட்டகையையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பீப் வேண்டாம் என்று வைத்தேன். மூன்றடியில் இருந்த எச்சரிக்கை தூரத்தைப் பத்தடி ஆக்கினேன். மிச்சம் இருந்தது ரோஸலி பக்கத்துக் கோடு.

"அதைப் பதினஞ்சு அடி உள்ள தள்ளு, மைலோ."

"அரை மைல் நீளம். பதினஞ்சு அடின்னா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், தெரியுமா உனக்கு?"

"கோடு நாய்க்குப்பா. பத்திரத்துக்கு இல்ல."

ரோஸலிக்குக் கேட்டுவிடும் என்பது போல அவன் குரலைத் தாழ்த்தினான். "வேலி பத்து வருஷம் ஒரு இடத்துல நின்னா அதுதான் எல்லை. எங்க சித்தப்பா அப்படித்தான் ஒரு துண்டு நிலத்தைக் கோட்டை விட்டாரு."

"இங்க வேலி எங்க நிக்குது? காத்துலயா?"

"போன்ல நிக்குதே. கம்பெனி கம்ப்யூட்டர்ல தேதியோட ஏறிடும். நாளைக்கே ரோஸலி வக்கீல் வெச்சு, 'பாருங்க, மைலோவே எல்லை இங்கதான்னு போட்டிருக்கான்'னு நீட்டுவா."

தலையில் அடித்துக்கொண்டேன். சரி, நானே தள்ளிவிடலாம் என்று சாயங்காலம் போனை எடுத்தால், பாஸ்வேர்டை மாற்றி வைத்திருக்கிறான், தடியன்.

சனிக்கிழமை காலை கொலாச் என்கிற இனிப்பு பன்னுக்கு மாவு பிசைந்து, நடுவில் பிளம் ஜாம் வைத்துக்கொண்டிருந்தேன். வாத்துச் சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தால், ரோஸலியின் குட்டையிலிருந்து நாற்பதும் வரிசையாக வருகின்றன, பின்னால் மாக் குனிந்து குனிந்து வருகிறது. கழுத்தில் பட்டை இப்போதுதான் கத்துகிறது. இனிமேல் கத்தி யாருக்கு லாபம்? ரோஸலி போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள்.

மைலோ புல்வெட்டும் வண்டியிலிருந்து குதித்து ஓடினான். நானும் மாவுக் கையோடு ஓடினேன். எல்லைக் கம்பிக்கு வந்ததும் அவன் சடக்கென்று நின்றுவிட்டான். யாரோ எப்போதோ வெட்டிய ஒரு மல்பெரி மரத்தை வைத்து ரோஸலியோடு சண்டை. அதிலிருந்து பதினோரு வருஷமாக அவன் அந்த மண்ணில் கால் வைத்ததில்லை.

"ஏன் நின்னுட்ட?" என்று கத்தினேன். "உன் கழுத்துல யாரு பட்டை கட்டினது?"

அழுதுகொண்டேதான் கத்தினேன். அதை மறைக்க என்ன இருக்கிறது. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கம்பியைத் தாண்டி நேராக ரோஸலியிடம் போய்த் தொப்பியைக் கழற்றினான்.

"நாய் மேல தப்பு இல்ல, ரோஸலி. கோடு போட்டது நான்."

"தெரியுது" என்றாள், போனைக் காதிலிருந்து எடுக்காமல். அந்தப் பக்கம் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

"ஓரடி விடக் கூடாதுன்னு கம்பி மேலயே போட்டுட்டேன். டார்லீன் வேணாம்னா. நான் கேக்கல."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாம் போல இருந்தது.

தன் போனை எடுத்து அவள் கண்ணெதிரே கோட்டைப் பதினைந்து அடி உள்ளே தள்ளினான். அவள் முகத்தைப் பார்த்தான். இருபது ஆக்கினான். மறுபடி பார்த்துவிட்டு முப்பது ஆக்கினான்.

"நிறுத்து மைலோ" என்றாள் ரோஸலி. "விட்டா உன் அடுப்படி வரைக்கும் போயிடுவ போலிருக்கு."

அப்போதுதான் அவள் போனிலிருந்து குரல் வந்தது. "ஷெரிஃப் ஆபீஸ், டேல் பேசறேன். ஹலோ? யாரு?"

மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்தோம். மாக் மட்டும் வாத்துகளை உள்ளே தள்ளிவிட்டு, ரோஸலியின் டிராக்டர் கொட்டகை வாசலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லோரும் தன்னைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்ற மிதப்பில் படுத்திருந்தது. ரோஸலி அதைப் பார்த்தாள். என் மாவுக் கையைப் பார்த்தாள். மைலோவின் வழுக்கைத் தலையையும் பார்த்தாள்.

"நான்தான் டேல், ரோஸலி. ஒண்ணும் அவசரமில்ல. வாத்து முட்டை வேணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "நாலு டஜனா? இருக்கு, வா."

நான் மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் முதுகெல்லாம் மாவு.

"அழுதது போதும், டார்லீன்" என்றாள். "நாயைக் கூப்பிடு. முட்டையெல்லாம் உள்ள இருக்கு, அது என்னையே விடாது."