நகல் எடுக்கும் வரி

டிஸ்க் நிரம்பிவிட்டால் சர்வர் கத்தாது. எழுத இடமில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் கத்துவதெல்லாம் மனிதர்கள்தான். அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் அவள் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தாள். கிளவுடில் இருக்கும் வாடிக்கையாளர்களின் நாற்பது சர்வர்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய், டிஸ்கைப் பெரிதாக்கி, உள்ளே இருக்கும் பிரிவையும் நீட்டி, எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் ஸ்கிரிப்ட். மூன்று மாதம் உழைத்து எழுதினாள்.

அதில் ஒரு வரியைத்தான் அவள் உயிராக நினைத்தாள். டிஸ்கில் கை வைப்பதற்கு முன் அப்படியே ஒரு நகல் எடு, நகல் முடியும்வரை காத்திரு. அவ்வளவுதான் அந்த வரி. ஒரு டிஸ்குக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு ஓட விட்டால் நாற்பதும் முடிய மதியம் இரண்டாகும். "ஆகட்டுமே, ஆழம் தெரியாம காலை விடறதுக்கு இது என்ன வாய்க்காலா?" என்பாள். ஆபீசில் அவளுக்கு 'நிதானம்' என்றே பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதே குழுவில்தான் அவள் புருஷனும். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பான். கைவேகம் உண்டு, பேச்சுச் சாமர்த்தியம் உண்டு, பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. வீட்டில் அவள் லேப்டாப்பை மூடிப் பூட்டினால், "வீட்டுக்குள்ள என்ன பூட்டு? நான் என்ன திருடனா?" என்று சிரிப்பான். சிரித்துச் சிரித்தே அவள் பூட்டுவதை நிறுத்தும்படி செய்துவிட்டான்.

குழுத்தலைவர் நாற்காலி ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. ஒன்பது வருஷம் இதே மேசையில் தேய்ந்தவள் அவள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். மேலாளருக்குச் சட்டாம்பிள்ளை என்று பட்டப்பெயர், யார் தப்பு செய்தாலும் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளும் ஆள். அவரே வாய்விட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை நாப்பதும் சேதாரம் இல்லாம முடியட்டும்மா. திங்கக்கிழமை அந்த நாற்காலி உங்களுக்கு." அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷத்தை வெளியே காட்டத் தெரியாதவள், வீட்டுக்குப் போய் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் தன்னை மறந்து பாட்டு முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். ஸ்கிரிப்ட் ஆறு மணிக்கே தானாக ஓட ஆரம்பித்திருக்கும். இந்நேரம் பதினைந்தாவது சர்வரில் இருக்க வேண்டும். அவள் திரையைத் திறந்தாள். நாற்பதும் முடிந்திருந்தது. முப்பத்தொன்பது பச்சை, ஒன்று சிவப்பு.

முடிந்துவிட்டதா? எப்படி?

சிவப்பாக இருந்தது பதினேழாவது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர். அதன் டிஸ்கை என்றைக்கோ எவனோ கோணல்மாணலாகப் பிரித்து வைத்திருந்தான். ஸ்கிரிப்ட் அதை நீட்டப்போய் உள்ளே இருந்ததெல்லாம் குலைந்துவிட்டது. அப்போதுகூட அவள் பதறவில்லை. இந்த மாதிரி ஒரு கிறுக்குப் பிடித்த சர்வர் இருக்கும் என்று தெரிந்துதானே அந்த வரியை எழுதினாள்? நகலைத் தேடிப் போனாள்.

நகல் இல்லை. பதினேழுக்கு மட்டுமல்ல, நாற்பதில் ஒன்றுக்கும் இல்லை.

வழக்கமான பேக்கப் இருக்கிறதா என்று பார்த்தாள். டிஸ்க் நிரம்பியதால் அதுவும் நின்றுபோய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளாக அந்தக் கூடத்தில் கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர்களின் முடிவெல்லாம் போச்சு.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். அந்த வரி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று, ஸ்கிரிப்டில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் வரலாற்றைப் பார்த்தாள். வியாழக்கிழமை மாலை ஏழு பத்து. எடுத்தவர் என்று அவள் பெயரே இருந்தது.

வியாழன் ஏழு பத்துக்கு அவள் குளியலறையில் மகளுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். லேப்டாப் சாப்பாட்டு மேசையில் திறந்தே கிடந்தது. வீட்டில் வேறு யார் இருந்தது என்று யோசிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்?

புருஷன் இரண்டு கையிலும் காகிதக் கோப்பையோடு வந்தான். "என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? சூப்பர்!"

"நகல் எடுக்கிற வரியை நீங்களா எடுத்தீங்க?"

கோப்பைகளை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அது வந்து... தங்கச்சி இன்னிக்கு வீடு மாத்துறா இல்ல? பதினொரு மணிக்கு வந்து பிரிட்ஜ் தூக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். ரெண்டு மணி வரைக்கும் இங்க குத்துக்கல்லாட்டம் உக்கார முடியுமா? சோதனை ஓட்டத்துலதான் ஒண்ணுமே ஆகலையே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா நீ விடுவியா?"

அவள் திரையைக் காட்டினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். அறையில் வேறு யாருமே இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு. உன் லேப்டாப்பை நான் தொட்டேன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாங்க. கம்பெனி விதி அப்படி. தொட்டவனுக்கும் வேலை இல்ல, தொட விட்டவளுக்கும் வேலை இல்ல. நீ பண்ணினதா இருந்தா வெறும் தப்புதான். திட்டு வாங்குவே, அதோட போச்சு. பாப்பாவை நினைச்சுப் பாரு."

பாவி, அதுவும் நிஜம்தான். யோசித்து யோசித்துப் பார்த்தாள், அவன் சொன்னதில் ஓர் ஓட்டைகூட இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

பிரிட்ஜ் தூக்க அவன் போகவில்லை. போக முடியுமா? சாயங்காலம்வரை உட்கார்ந்து பழைய பேக்கப்பை வைத்துப் பதினேழாவது சர்வரை அரைகுறையாக எழுப்பினான். வழி சொன்னது அவள், தட்டியது அவன். நடுவில் நாத்தனார் அவளுக்குப் போன் செய்தாள். "ஏன் அண்ணி, ஒரே ஒரு நாள் அண்ணனை விட்டுக்கொடுக்க மனசு வரலையா உங்களுக்கு?" அவள் போனை வைத்துவிட்டு, அவன் தட்ட வேண்டிய அடுத்த வரியைச் சொன்னாள்.

திங்கட்கிழமை கூட்டம். சட்டாம்பிள்ளை அந்த வரலாற்றைச் சுவரளவுக்குப் பெரிதாகக் காட்டினார். "வியாழக்கிழமை, ஏழு பத்து. உங்க பேருதாம்மா இருக்கு. நிதானம்னு பேரு, செஞ்ச காரியம் இது. இருநூத்துச் சொச்சம் பேரைத் திரும்பக் கூப்பிட்டுக் கையில ஊசி குத்தணுமாம். அதுல பச்சைக் குழந்தைங்க எத்தனை தெரியுமா? ஏன் எடுத்தீங்க?"

அவள் புருஷனைப் பார்த்தாள். கெஞ்சிய பார்வை அல்ல அது. சும்மா பார்த்தாள். அவன் வாயைத் திறக்க வேண்டும் என்றுகூட அவள் எதிர்பார்க்கவில்லை; நிமிர்ந்து ஒரு தடவை தன் கண்ணைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. அவன் காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"நேரம் மிச்சமாகும்னு எடுத்துட்டேன் சார்," என்றாள்.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். சட்டாம்பிள்ளை பெருமூச்சு விட்டார். அப்புறம் சொன்னார், சனிக்கிழமை முழுக்க நகராமல் உட்கார்ந்து நிலைமையைச் சமாளித்தது அவள் வீட்டுக்காரர்தான், சொந்த வேலையைக்கூட விட்டுவிட்டு. ஆகவே இனி குழுவுக்கு அவர்தான் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அவளும் தட்டினாள்.

புதுத் தலைவரின் முதல் மின்னஞ்சல் மதியமே வந்தது. 'நகல் எடுக்காமல் இனி எந்த டிஸ்கையும் யாரும் தொடக்கூடாது.' அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சிரிப்புத்தான் வந்தது.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவன் தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். மகள் எதிரே உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நகல் எடுக்கிற வரி... காத்திருக்கிற இடத்துல எனக்கு இடிக்குது. கொஞ்சம் போட்டுக் குடேன். அடுத்த சனிக்கிழமை வேற வாடிக்கையாளர்களோட சர்வர் இன்னும் நாப்பது இருக்கு."

"எடுக்கத் தெரிஞ்ச கைக்குப் போடத் தெரியலையா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"சரி விடு, நான் பண்ணினது தப்புதான். அதுக்காக வேலையைக் கெடுக்கலாமா? நீயே சொல்லு."

கெடுக்கலாம். கெடுத்தால் என்ன? ஆனால் அந்த நாற்பது சர்வர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் அவளுக்கு என்ன தீங்கு செய்தார்கள்? திரும்பக் கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ளப்போகும் குழந்தைகள் கண்முன் வந்தார்கள். லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். அந்த வரியை மனப்பாடமாகத் தட்டினாள். சேமிக்கும்போது எழுதியவர் யார் என்று அது கேட்டது.

"யார் பேரைப் போடறது?"

"என் பேரையே போட்டுடு," என்றான் அவன், தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல். "உன் பேரு இப்ப வேணாம். ஸ்கிரிப்ட்ல அதைப் பார்த்தாலே எல்லாரும் பயப்படுவாங்க."

அவள் அவன் பெயரைப் போட்டுச் சேமித்து, லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு எழுந்துபோய்த் தன் லேப்டாப்பை எடுத்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். மூடினாள்.

"வீட்டுக்குள்ள என்ன பூட்டு?" என்றான் அவன், பழைய சிரிப்போடு.

அவள் லேப்டாப்பைத் தன் பைக்குள் வைத்தாள். மகள் தலையை நிமிர்த்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.