நான்கு நிமிடங்களைத் தின்றவன்

எங்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் நான் மூத்த அறுவை மருத்துவன். வயிற்றுக்குள் ரத்தம் கசியும் நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வைத் தொடங்கியதும் நான்தான். குற்றவாளி யாரென்று எனக்கு முன்பே தெரியும். லிஃப்ட். இல்லையென்றால் ரத்த வங்கி. அனுமதியெல்லாம் வாங்கி விபத்து அறையின் கூரையில் இரண்டு கேமராக்களை மாட்டியது, அதை எல்லோர் முன்னாலும் நிரூபிக்கத்தான்.

மூன்று மாதம் கழித்து, ஆய்வின் புள்ளியியல் நிபுணர் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சிரிக்க வேண்டிய இடத்திலும் சிரிக்கமாட்டார்.

“லிஃப்ட்தானே மேடம்?” என்றேன்.

“இல்ல சார்.”

“அப்போ ரத்த வங்கி.”

“அவங்களும் இல்ல. நீங்க அறைக்குள்ள இருந்தா சராசரியா மூணு நிமிஷம் கூட ஆகுது.”

“மோசமான கேஸுக்குத்தானே என்னைக் கூப்பிடறாங்க? காயத்தோட தீவிரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தார். மூன்று நிமிடத் தாமதம் நான்காகக் கூடியது.

நம்பாமல் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தேன். இளைய டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு முடித்ததும் நான் மறுபடி கேட்கிறேன். நர்ஸ் டிரிப் ஏற்றிய பிறகு, “டிரிப் போட்டாச்சா?” என்கிறேன். பத்து நிமிடத்தில் பதினேழு முறை “சீக்கிரம்!” என்று கத்துகிறேன், ஒவ்வொரு முறையும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். ஒரு வீடியோவில் ஆக்ஸிஜன் குழாயின்மேல் நின்றுகொண்டே, ஆக்ஸிஜன் ஏன் வரவில்லை என்று சத்தம் போடுகிறேன். தலைமை நர்ஸ் குனிந்து என் காலை நகர்த்துகிறார். அவரிடம், “குறுக்கே வராதீங்க சிஸ்டர்” என்கிறேன்.

“அந்த ஒரு டாக்டரை மட்டும் எடுத்துட்டா என்ன?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“எடுத்துடலாம் சார். ஆய்வுலேருந்தா, அறையிலேருந்தா?”

இப்படித்தான் இரண்டாம் கட்டம் பிறந்தது. கதவோரம் தரையில் ஒரு மஞ்சள் நாடா. கேட்டால் ஒழிய நான் வாயைத் திறக்கக் கூடாது, நாடாவைத் தாண்டவும் கூடாது. நாடாவை ஒட்டியது தலைமை நர்ஸ். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கடைசி வாரம், சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாடாவுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாக்கு துடித்தது. அவருடைய மனைவி கணவனின் ஒற்றைச் செருப்பைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவருக்கு என்னங்க பண்றாங்க?”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் நின்று பதில் சொன்னதில்லை. அன்று சொன்னேன், இது ஸ்கேன், இது ரத்தம், மண்ணீரல் கிழிஞ்சிருக்கும் போல, ஆபரேஷன் செஞ்சா சரியாகும் என்று ஒவ்வொன்றாக.

“நீங்க யாருங்க?”

“டாக்டர்தாம்மா.”

“அப்புறம் ஏன் சும்மா நிக்கறீங்க?”

“நான் சும்மா நின்னாத்தான் அவங்க சீக்கிரம் முடிப்பாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் வெளியேறும்வரை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினோரு நிமிடம்; அந்த அறை அதற்குமுன் கண்டிராத வேகம். பிறகு தியேட்டருக்கு ஓடி, மண்ணீரலை எடுத்தது நான்தான்.

ஆறாம் நாள் வார்டுக்குப் போனேன். அந்தத் தொழிலாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி என்னைக் கண்டதும் மலர்ந்து கணவரிடம் சொன்னார்.

“அன்னிக்கு என்கூட நின்னாரே, அந்த டாக்டர் இவர்தான். ரொம்ப நல்லவர். வேலைதான் ஒண்ணும் தெரியாது போல.”

தையல் போட்டதே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கும்பிட்டேன்.