இஸ்லி ஏறிய ஆர்கன் மரம்

எங்கள் ஊரில் ஆடு மரமேறினால் யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. ஆர்கன் மரத்துக் காயென்றால் ஆட்டுக்கு உயிர். முள்ளை மதிக்காமல் உச்சிக் கிளையில் நின்று மெல்லும்.

எங்கள் ஊர்ப் பெண் இஜ்ஜா வளர்க்கும் ஆட்டுக்குட்டி இஸ்லிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் பேச்சில் இஸ்லி என்றால் மாப்பிள்ளை. பெயருக்கேற்ற மிடுக்கு உண்டு, காலில்தான் நீளம் போதாது. தாய் ஆடு மேலே போனதும் கீழே நின்று கத்துவான். மேலே அப்படி என்னதான் இருக்கிறது? அவனுக்கு எந்நேரமும் அதே நினைப்பு. தாவுவான், சறுக்குவான், மூக்கில் முள் குத்தும், தும்மிவிட்டு மறுபடி தாவுவான். அந்தப் பிடிவாதத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்!

அவன் கால் வளர்ந்த நேரம் பார்த்துக் கோடை வந்துவிட்டது. காய் பழுத்துத் தானாக உதிரும்வரை தோப்பை மூடிவிடுவோம். அதன் கொட்டையை உடைத்து எடுக்கும் எண்ணெய்தான் எங்கள் பிழைப்பு. மூடிய தோப்பில் காய் தின்ற ஆட்டை அறுத்து ஊருக்கே விருந்து வைக்க வேண்டும், யார் வீட்டு ஆடானாலும் சரி.

இதை இஸ்லியிடம் யார் போய்ச் சொல்வது? ஒரு காலை, சாய்ந்த மரம் ஒன்றில் பாதி உயரம் ஏறியே விட்டான். காவல்காரர் ஹெம்முவின் கண்ணில் பட்டும்விட்டான்.

"இஜ்ஜா! உன் மாப்பிள்ளை எங்க நிக்கிறான்னு வந்து பாரு. அப்படியே அண்டாவைக் கழுவி வை!"

"ஐயோ, பச்சப்புள்ள அண்ணே. வேடிக்கை பாக்க ஏறியிருக்கும்."

"ஆமா, கடல் தெரியுதான்னு பாக்கப் போச்சு! கதை விடாத. சட்டம்னா சட்டம்."

இஜ்ஜா அழுதே விட்டாள். பனியில் பிறந்த குட்டியைத் தன் போர்வைக்குள் வைத்துப் பிழைக்க வைத்தவள் அவள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தின்னானா இல்லையான்னு சாயங்காலம் பட்டியில பாத்துருவோம்ணே," என்றேன்.

ஹெம்முவால் மறுக்க முடியவில்லை. காய் தின்ற ஆடு அசைபோடும்போது கொட்டையைத் துப்பியே தீரும்.

சாயங்காலம் ஊர் ஆடுகளெல்லாம் பட்டிக்குத் திரும்பின. நாங்கள் தேநீரும் கையுமாகச் சுற்றி உட்கார்ந்தோம். இஸ்லி படுத்து அசைபோட்டான். எல்லார் கண்ணும் அவன் வாயில். இஜ்ஜா தேநீரைத் தொடவில்லை.

டொக்.

கொட்டை விழுந்த சத்தம். இஜ்ஜா முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் இஸ்லி, சத்தம் எங்கிருந்து வந்ததென்று திரும்பிப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். பின்னால் ஹெம்முவின் கொழுத்த வெள்ளாடு கண்ணை மூடிக்கொண்டு, சாவகாசமாக, இன்னொரு கொட்டையைத் துப்பியது.

எல்லாரும் ஹெம்மு பக்கம் திரும்பினோம்.

"அண்ணே," என்றாள் இஜ்ஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அண்டா கழுவித்தான் இருக்கு. கொண்டாரவா?"

"அது... வயசான ஆடும்மா," என்று ஹெம்மு தலையைச் சொறிந்தார். பட்டியே அதிரச் சிரித்தோம்.

இருட்டும்வரை இஸ்லி வாயிலிருந்து ஒரு கொட்டைகூட விழவில்லை. வெள்ளாட்டை விட்டுவிடச் சொல்லி ஊரிடம் கேட்டவளும் இஜ்ஜாதான். அதற்குப் பதில் வெள்ளிக்கிழமை ஹெம்மு வீட்டில் எல்லாருக்கும் ரவையை ஆவியில் வேகவைத்த குஸ்குஸ் விருந்து. கறி இல்லாமல், வெறும் பூசணிக்காய் போட்டது.

தோப்பு திறந்த காலை, இஸ்லியை முதல் கிளையில் தூக்கி வைத்தவர் ஹெம்மு. மரத்தில் ஒட்டியிருந்த காயை அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே உச்சிக்கு ஏறி, மேற்கே பார்த்து நின்றான்.

ஹெம்மு கண்ணுக்கு மேல் கை வைத்து அந்தப் பக்கம் பார்த்தார்.

"அட, இவன் நெசமாவே கடலப் பாக்கத்தான் ஏறியிருக்கான்," என்றார்.