நண்டுகள் படிக்கக்கூடாத கதை

1

இப்போதெல்லாம் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பந்து கையை விட்டுக் கிளம்பும்போது குனிந்து போனைப் பார்க்கிறார்கள். பக்கத்திலிருப்பவன் கத்தின பிறகு நிமிர்ந்து என்ன ஆச்சு என்கிறார்கள். சொன்னதும் தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் ஒருவனைத் திட்டுவதற்காவது அவனைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை.

இந்தக் கதையையும் அப்படித்தான் படிப்பீர்கள், கடைசி வரியை முதலில். படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவது அங்கே இல்லை.

கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்று சனிக்கிழமை. காலையில் நிக்கானோர் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான், போகச் சொன்னால் போகமாட்டான். "ஒரு கதை எழுதுங்க. அதுல ஒரே ஒரு வரி எவுதிஸுக்கு. மிச்சமெல்லாம் யாருக்கு வேணா இருக்கட்டும்" என்றான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் நான் எதையாவது எழுதுவேன், லிப்ராதா அதைத் தன் கடைச் சுவரில் ஒட்டுவாள். மைதானத்துக்கு அதுதான் வழி. எங்கள் கூழைக்கடா அணிக்காரர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளை எங்களோடு ஆட வருகிற நண்டு அணியின் வண்டியும் தண்ணீர் வாங்க அங்கேதான் நிற்கும். யார் படிக்க வேண்டுமோ அவனும், யார் படிக்கவே கூடாதோ அவர்களும் ஒரே சுவரில் படிப்பார்கள். இதைப் படிக்கிற நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்களை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. வந்தவற்றை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

'கடலைப் பார்த்த மைதானம் ஒன்றில், மாலை வெயில் பொன்னாக உருகிய வேளையில்' (வெயில் உருகாது. நாம்தான் உருகுவோம்.)

'எவுதிஸ் தங்கமான பிள்ளை. அவன் எறிகிற பந்து' (தங்கமான பிள்ளையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் அம்மாவைக் கேளுங்கள்.)

'எவுதிஸ் பந்தை மெதுவாக வளைத்து எறியப் போகிறான் என்றால், அதற்குச் சற்று முன்னால் அவனுடைய'

இந்த மூன்றாவதுதான் நிக்கானோர் கேட்ட வரி. இதற்கு மேல் பென்சில் நகரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எவுதிஸ் எங்கள் பேஸ்பால் அணிக்குப் பந்தெறிகிறவன். நிக்கானோர் அவனுக்குத் தாய்மாமன். எவுதிஸிடம் இரண்டு பந்து உண்டு. ஒன்று வேகமாக நேரே வரும். மற்றது மெதுவாக வந்து கடைசியில் கீழே விழும். எது வரப்போகிறது என்று மட்டை பிடித்தவனுக்குத் தெரியாதவரை எவுதிஸ் ராஜா. தெரிந்துவிட்டால் எங்கள் பால்காரன்கூட அடிப்பான்.

மெதுவான பந்துக்கு முன்னால் எவுதிஸ் தன்னை அறியாமல் ஒன்று செய்கிறான், எதிரணிகள் அதைப் பார்த்துவிட்டார்கள், அதனால்தான் அடி வாங்குகிறான் என்று நிக்கானோர் சொல்கிறான். என்ன செய்கிறான் என்பதை எனக்கு மட்டும் செய்து காட்டினான்.*

* முதல் பிரதியில் நாக்கைக் கடிக்கிறான் என்று எழுதியிருந்தேன். நாக்கு இல்லை. நண்டூர்க்காரராக இருந்தால் நாக்கையே பார்த்துக்கொண்டிருங்கள்.

3

எவுதிஸுக்கு நாளைதான் கடைசி. அணி தோன் ஃபெர்மினுடையது, ஐஸ் ஃபாக்டரியும் அவருடையது. அணியில் இருக்கிறவனுக்கு ஃபாக்டரியில் வேலை. நாளையும் அடி வாங்கினால் அணியிலும் இடமில்லை, திங்கட்கிழமை ஃபாக்டரிக் கதவும் திறக்காது என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். எவுதிஸின் கைக்குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

இந்த வாரம் முழுவதும் லிப்ராதா கடை வாசல் டொமினோ மேசையில் இதே பேச்சுதான். தாத்திக்கோ என்று ஒருவன், வேன் ஓட்டுகிறவன், போனில் எண்களை வைத்துக்கொண்டு பேசுவான். கோளாறு எறிகிறவனிடம்தான், எண் பொய் சொல்லாது என்பது அவன் கட்சி. எண் பொய் சொல்லாது, சொல்கிறவன் சொல்வான் என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்தான்.

லிப்ராதா வாழைக்காயை நசுக்கிப் பொரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கட்சி வேறு.

"நாலு ஆட்டத்துல ஒத்தை ரன். அல்தாகிராசியா மாதாவே எறங்கி வந்து பந்து போட்டாலும் தோத்துட்டுத்தான் போவா. மட்டையப் புடிச்சிருக்கானுங்களா, மெழுகுவத்தியப் புடிச்சிருக்கானுங்களா?"

"அக்கா, நீங்க எண்ணெயப் பாருங்க" என்றான் தாத்திக்கோ.

"நான் எண்ணெயவும் பாப்பேன், ஆட்டத்தையும் பாப்பேன். நீ போனைக் கீழ வெச்சிட்டு ஒண்ணையாவது பாரு."

நானும் லிப்ராதா கட்சிதான். அடிக்க ஆளில்லாத அணியில் எறிகிறவனைக் குற்றம் சொல்வது, அரிசி இல்லாத வீட்டில் அடுப்பைத் திட்டுவது மாதிரி. நிக்கானோர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் டொமினோ கட்டையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் மேசையில் தாத்திக்கோவின் மச்சினன் ஒலேகாரியோவும் இருந்தான். ஒலேகாரியோ நண்டூர்.

4

இனி போன ஞாயிறு. இதை எழுதாதீர்கள் என்று நிக்கானோர் கெஞ்சினான். எழுதாவிட்டால் கதை நொண்டும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். எறியப்போகிறவனிடம் முந்தின நாளிலிருந்தே பந்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பெண்டாட்டியும் கூடாது, பாதிரியாரும் கூடாது. யாராவது பேசி, அவனும் தோற்றுவிட்டால், அந்தத் தோல்வி பேசினவன் தலையில். அடுத்த பருவம் வரைக்கும் அவனை யாரும் மேசையில் சேர்க்கமாட்டார்கள்.

போன ஞாயிறு உப்பளத்து அணியோடு ஆட்டம். நிக்கானோர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் சுற்றிலேயே அவன் அதைக் கண்டுவிட்டான். எழுந்து போய்ச் சொல்ல முடியாது, வழக்கம் தடுக்கிறது. மருமகனை எப்படியாவது எச்சரிக்க வேண்டும். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். எவுதிஸ் சின்னவனாக இருந்தபோது அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற விசில் அது. அதைக் கேட்டால் மாமா எதையோ சொல்கிறார், தான் செய்வதை நிறுத்த வேண்டும் என்று எவுதிஸுக்குத் தெரியும் என்பது அவன் கணக்கு.

எவுதிஸ் திடுக்கிட்டான், ஆனாலும் எறிந்தான். மெதுவான பந்து. அடுத்த முறை எவுதிஸ் அதைச் செய்ததும் மறுபடி விசில். மறுபடி மெதுவான பந்து. இப்படியே போயிற்று. மூன்றாம் சுற்றில் உப்பளத்தார் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவனின் காதில் ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு விசில் கேட்டால் மட்டைக்காரன் பொறுமையாக நின்று மெதுவான பந்துக்குக் காத்திருந்தான். கேட்காவிட்டால் வேகத்துக்குத் தயாரானான். பந்து எங்கெங்கோ பறந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று நிக்கானோர் இன்னும் பலமாக ஊதினான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீதான்யா சொல்லிக் குடுக்கறே" என்றேன்.

அவன் விரலை வாயிலிருந்து எடுத்து, அது யாருடைய விரலோ என்பது போலப் பார்த்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். எவுதிஸை வெளியே எடுத்தார்கள். நடந்து போகும்போது எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகு வாரம் முழுவதும் மாமனுக்குக் கதவு திறக்கவில்லை.

5

இங்கே என் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது.

நிக்கானோருக்குக் கண் அதிகம். போன வருடம் நடுவர் எதிரணியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்றான், எப்படித் தெரியும் என்றால் புதுச் செருப்பு போட்டிருக்கிறார் என்றான். அது நடுவரின் மருமகள் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்தின வருடம் எங்கள் பந்துகளில் தையல் குறைகிறது என்று பந்தைப் பிரித்தே பார்த்துவிட்டான். அப்படிப்பட்டவன் சொல்வதை நம்பி ஒரு வரி எழுதலாமா?

அவன் பார்த்தது மெய்யாக இருக்கலாம். அல்லது எவுதிஸ் ஒன்றுமே செய்யாமல், விசில் ஒன்றுதான் அவனைக் கெடுத்திருக்கலாம். விசிலுக்கு முந்தின ஆட்டங்களிலும் தோற்றோமே என்றால், அப்போது மட்டும் நாம் ரன் எடுத்தோமா?

நீயே நேரில் போய்ச் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை போனேன். எவுதிஸ் கதவைப் பாதி திறந்து, "மாமா அனுப்புனாரா?" என்றான். ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. திறந்த பாதியையும் மூடிவிட்டான். இன்று சனி, இனி வழக்கம் வந்துவிட்டது. யாரும் பேச முடியாது.

"எழுதினா பேசுனதாகாது" என்பது நிக்கானோர் கண்டுபிடித்த சந்து.

6

அந்த வரியை எழுதினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன்.

எழுதிவிடுகிறேன். எவுதிஸ் படிக்கிறான், திருந்துகிறான், நண்டுகள் திணறுகின்றன, திங்கட்கிழமை ஃபாக்டரிக் கதவு திறக்கிறது. நல்ல முடிவு. எனக்கு நல்ல முடிவுகளைக் கண்டால் பயம். நண்டூர் வண்டியும் அதே சுவருக்கு முன்னால்தான் நிற்கும், அவர்களுக்கும் எழுத்துத் தெரியும். கூடவே எவுதிஸ் நாளை முழுக்கத் தன் உடம்பையே பார்த்துக்கொண்டு எறிவான். நடக்கிறவனைப் பார்த்து எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டால் அந்த நிமிடமே இடறுவான்.

பொய்யான வரி ஒன்றை எழுதுகிறேன். நண்டுகள் தவறான இடத்தைப் பார்த்துத் தவறாக வீசுகின்றன. நிக்கானோரிடம் இதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. ஆனால் எவுதிஸும் அதைத்தானே படிப்பான்? இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டுவிட்டு மைதானத்தில் நிற்பான்.

எழுதாமலே விடுகிறேன். நாளை அவன் அடி வாங்குகிறான். நிக்கானோர் சாகிறவரை என்னைப் பார்த்து, ஒரு வரிதானே கேட்டேன் என்பான்.

(நான்காவதாக ஒன்று உண்டு. எவுதிஸ் பிரமாதமாக எறிகிறான், எங்கள் ஆட்கள் ஒரு ரன்னும் எடுக்கவில்லை, அப்படியும் தோற்கிறோம். இதைப் பற்றி யாரும் என்னைக் கதை கேட்பதில்லை.)

லிப்ராதா பசைக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள். "முடிஞ்சுதா இல்லியா? மரவள்ளிப் பசை காயுது." முடியவில்லை என்றேன். முடியாததையே ஒட்டுகிறேன் என்று பிடுங்கப் பார்க்கிறாள். இரண்டாம் பகுதியில் அந்த மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. ஒரு வரி எழுதலாம்.

7

(ஒட்டின பிறகு, சுவரில் நின்றபடி பென்சிலால் எழுதுவது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எவுதிஸ் வாழைக்காய் வாங்க வந்திருக்கிறான்.

நிக்கானோர் உட்கார்ந்திருக்கிற மேசையில் பேச்சு நின்றுவிட்டது. தாத்திக்கோ போனைச் சட்டைப் பையில் போட்டான், இதை நான் முதல் முறையாகப் பார்க்கிறேன். ஒலேகாரியோ காப்பிக் குவளையை உதட்டில் வைத்தபடி குடிக்காமல் இருக்கிறான். எவுதிஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறான். மூச்சு கேட்கிறது. இப்போது இந்த வரியையும் படித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஒன்றை நான் இங்கே எழுதினால் இக்கணமே அவன் கண்ணில் பட்டுவிடும். ஒலேகாரியோ கண்ணிலும் படும்.

"பெரியவரே, நடுவுல ஒரு வரி காணோமே" என்கிறான்.

எந்தப் பதிலும் பந்தைப் பற்றின பேச்சாகிவிடும். லிப்ராதாதான், "வாழைக்கா மட்டும் போதுமா, சலாமிக் கறியும் வேணுமா தம்பி?" என்று கேட்டாள். போதும் என்றான். பையை வாங்கிக்கொண்டான், ஆனால் போகவில்லை.

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "மாமா, நாளைக்கு வருவீங்கல்ல?"

ஒரு வாரத்துக்குப் பிறகு மாமனிடம் சொன்ன முதல் வார்த்தை. இது பந்துப் பேச்சில் சேருமா சேராதா என்று நிக்கானோருக்குத் தெரியவில்லை, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, தலையை மட்டும் ஆட்டினான். எவுதிஸ் அதைத் திரும்பிப் பார்த்தானா என்று நான் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பென்சிலை நூலில் கட்டி ஆணியில் தொங்கவிடுகிறேன். இடம் விட்டிருக்கிறது. எழுத வேண்டியதை நிக்கானோர் எழுதட்டும், எவுதிஸே எழுதட்டும், நண்டூர்க்காரன் எழுதட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரு மனிதனின் வேலையைப் பணயமாக வைத்து என்னால் ஊகம் எழுத முடியாது. எறிகிறவன்தான் கோளாறு என்று இந்த மேசை முழுவதும் சேர்ந்து சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. இவ்வளவு நேரமாக இங்கே நிற்கிறேன், மட்டை பிடிக்கிறவன் ஒருவன்கூட இந்தச் சுவரைப் படிக்க வரவில்லை. நான் வீட்டுக்குப் போகிறேன்.