கப்பலுக்கு அடுக்கிய பெட்டி

முரளிதரன் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றிப் பேசினான். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. திருத்தணியில் செப்டம்பர் மாத மத்தியானம் அப்படித்தான் இருக்கும்.

"அண்ணி, நீங்க நெனைக்கிற மார்கழிக் குளுரு இல்ல அது. கடல் காத்து. எலும்புக்குள்ள பூந்துகினு போவும். ஒரே ஒரு பெரிய ஸ்வெட்டர் போட்டா போதும்னு நெனைக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. மெல்லிசா மூணு போடணும். உடம்ப ஒட்டி ஒண்ணு, அதுக்கு மேல கம்பளி, அதுக்கு மேல காத்தும் தண்ணியும் பூராத கோட்டு. வெயில் அடிச்சா ஒண்ண கழட்டணும், காத்து அடிச்சா திரும்ப மாட்டணும்."

மனோரமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொழுந்தன் பேசும்போது நிமிர்ந்து பார்க்கும் வழக்கத்தை அவள் விட்டு ரொம்ப வருஷமாகிறது.

இந்த முரளிதரனுக்கும் குளிருக்கும் இருந்த பழக்கமெல்லாம் ஒரே ஒரு தடவைதான். நூல் வியாபாரிகள் ஆள் சேர்த்து ஐரோப்பா போன ஒரு டூரில் இவனும் ஒட்டிக்கொண்டு போனான். சுவிட்சர்லாந்தில் எல்லோரும் பனிமலை பார்க்க ஏறியபோது இவன் கேன்வாஸ் ஷூ நனைந்து, பல் கிட்டி, பஸ்ஸிலேயே உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைக் காலி பண்ணிவிட்டு வந்தான். இது அவன் பெண்டாட்டியே சொன்னது. அதற்கப்புறம் ஊரில் யார் விமானம் ஏறினாலும், துபாய்க்குப் போகிறவனாக இருந்தாலும் சரி, வீடு தேடிப் போய்க் கம்பளிப் பாடம் எடுக்காமல் இவனுக்குத் தூக்கம் வராது.

"முக்கியமா காட்டன் கூடவே கூடாதுண்ணா," என்று அண்ணன் பக்கம் திரும்பினான். "நனைஞ்சா காயாது. ஒடம்ப சில்லுனு ஆக்கிடும்."

தணிகைமணி பக்தியோடு தலையாட்டினார். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதட்டூர்பேட்டையில் ஓடுகிற விசைத்தறி முழுக்கப் பருத்தி லுங்கி. அந்த லுங்கி போட்ட சோற்றில் வளர்ந்த தொந்தியைத் தடவிக்கொண்டே ஒருவன் பருத்தி ஆகாது என்கிறான், இன்னொருவர் ஆமாம் என்கிறார். மனோரமாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

விஷயம் இதுதான். மகன் ஜெயப்பிரகாஷ் அமெரிக்காவில் பாஸ்டனில் இருக்கிறான். அக்டோபரில் அங்கிருந்து ஒரு கப்பல் கிளம்பிக் கரையோரமாகவே கனடா வரைக்கும் போய்த் திரும்புமாம். அந்த மாதத்தில் அங்கே மரத்தில் இலையெல்லாம் சிவப்பாகவும் மஞ்சளாகவும் மாறி உதிருமாம். அதைப் பார்ப்பதற்குத்தான் கப்பல். பங்குனியில் வாசல் வேம்பு உதிர்க்கிற இலையை மனோரமா தினம் காலையில் பெருக்கித் தள்ளுகிறாள், அதைப் பார்க்க இதுவரை யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. மகன் தன் அம்மா அப்பாவுக்கு மட்டுமில்லாமல், அண்ணாநகரில் இருக்கும் மாமனார் மாமியாருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தான்.

இலை எக்கேடும் கெட்டுப் போகட்டும். மகனை நேரில் பார்த்து ஐந்து வருஷமாகிவிட்டது. மனோரமாவுக்கு வேண்டியது அந்த முகம். இரண்டு தடவை விசா இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை போவதற்கு முன்னால் அவள் தனியாக மலையேறிப் போய் சன்னிதியில் நின்று, "என் புள்ள மொகத்த நேர்ல பாக்க வழி பண்ணு, வழி கெடச்சதும் வர்ற கிருத்திகைக்கே முழு முடியும் குடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள். விசா வந்துவிட்டது. தலையில் இருப்பது இனி அவளுடையதில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. திருத்தணியில் மொட்டை ஒரு சேதியா? ஆந்திராவிலிருந்து வருகிற பஸ்களில் முடியோடு இறங்குகிறவர்கள் சாயங்காலம் முடியில்லாமல் ஏறிப்போகிற ஊர் இது.

தணிகைமணி சென்னைக்குப் போய் மூன்று பை நிறையத் துணி வாங்கி வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே அறையில் ஏசியைப் பதினாறில் வைத்து, உள்ளே ஒட்டுகிற பனியன், அதன்மேல் கம்பளி, அதன்மேல் கோட்டு, கையுறை, காது மூடுகிற குல்லா எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கீழே லுங்கி.

"தாங்குது மனோ," என்றார். "நல்லா தாங்குது."

"எத தாங்குது? கரண்டு பில்லயா?" என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

அவளுக்கும் பேண்ட் இரண்டு வாங்கியிருந்தார். கப்பல் மேல்தளத்தில் காற்று அடிக்கும்போது சேலை பாய்மரம் மாதிரி விரிந்துவிடும் என்று மருமகள் சுசித்ரா சொல்லியிருந்தாள். மனோரமா சண்டை போடுவாள் என்று வீடே எதிர்பார்த்தது. அவள் போடவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பேண்டை மாட்டி, அறைக்குள் இரண்டு நடை நடந்து பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், காலை மடக்கிப் பீரோவின் கீழ்த்தட்டைத் துழாவினாள். எதுவும் தடுக்கவில்லை, எதையும் தூக்கிச் செருக வேண்டியிருக்கவில்லை. இந்தச் சுகத்தை இத்தனை காலம் ஆம்பிளைகள் மட்டும் அனுபவித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுசித்ரா வீடியோவில் வந்தாள். பெட்டியில் வைக்கிற ஒவ்வொரு துணியையும் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்ட வேண்டும், அவள் ஆமாம் இல்லை சொல்லுவாள். தணிகைமணி துணியைத் தூக்கிப் பிடித்தார். சந்தையில் மாட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் காட்டினார்.

"அது வேணாம் மாமா, ரொம்ப பளபளன்னு இருக்கு. அது ஓகே. அத்தை, சேலை ஒண்ணே ஒண்ணு போதும், டின்னர் அன்னிக்கு. அந்த மெரூன் பட்டு. அன்னிக்கு ரெண்டு குடும்பமும் சேர்ந்து போட்டோ எடுக்கறோம், எல்லாரும் மெரூன். எங்க அம்மாவும் அதே கலர்தான் எடுத்திருக்காங்க. செருப்பு வேணாம், வழுக்காத ஷூதான். ஷால் வெச்சீங்களா?"

எல்லாவற்றுக்கும் மனோரமா சரி சொன்னாள். ஒரு போட்டோவுக்காக இரண்டு குடும்பத்தையும் ஒரே சாயத்தில் முக்கியெடுக்கிற புத்தி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். சாயப்பட்டறைக்காரன்கூட நூலைத்தான் முக்குவான்.

"குல்லா மட்டும் எனக்கு இன்னும் ரெண்டு வேணும் சுசி," என்றாள். "மெத்துனு, உள்ள குத்தாததா. மொட்டத் தலைல குத்தும்."

போனில் சுசித்ராவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்துத் தணிகைமணி போனைத் தட்டினார்.

"மொட்டையா? யாருக்கு?"

"எனக்குத்தான். வேண்டுதல். வர்ற கிருத்திகைக்கு."

"அத்தை, கப்பலுக்கு பத்து நாள்தான் இருக்கும் அப்போ!"

"ஆங், இருக்கும். அதான் குல்லா கேக்கறேன்."

சுசித்ரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா நல்லா இருக்கும்போது நீங்க ஏன் அத்தை அப்படி... எங்க அம்மா ஒரு மாதிரி நெனைப்பாங்க. அந்தப் போட்டோ எங்க ஹால்ல மாட்டப்போறது. பூமுடி குடுத்துட்டு வந்துடுங்களேன். மூணு கத்தரி, அவ்வளவுதானே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முரளிதரன் கூப்பிடாமலேயே பேச்சுக்குள் புகுந்தான். "சுசித்ரா சொல்றது கரெக்டு அண்ணி. பூமுடியும் காணிக்கைதான். எம் பொண்ணு காலேஜ் சீட்டுக்கு நான் அதான் குடுத்தேன். சாமி ஒண்ணும் கோச்சிக்கல."

"உனக்கு இருந்ததே அவ்ளோதான்," என்றாள் மனோரமா. "நான் முழுசா சொன்னேன். வேல ஆவறதுக்கு முன்ன முழுசு, ஆனப்புறம் மூணு கத்தரின்னா, அவன் என்ன உன் நூல் வியாபாரியா?"

அப்புறம் தினமும் யாராவது ஒருவர் பேசினார்கள். ஜெயப்பிரகாஷ், "திரும்பி வந்தப்புறம் போட்டுக்கலாமே," என்றான். தணிகைமணி, "புள்ள இவ்ளோ சொல்றான் இல்ல," என்றார். அவருக்கு எந்தக் காலத்தில் சொந்த வாக்கியம் இருந்தது! கடைசியில் பேசினவர் சொன்னதே அவர் கருத்து. மனோரமா கிருத்திகையன்று விடியற்காலை மலைக்குப் போனாள். மண்டபத்தில் உட்கார்ந்து தலை குனிந்தாள். கத்தி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கியபோது தலை லேசாக இருந்தது. மனசும் லேசாக இருந்தது. சரியாகச் சொன்னால், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜெயப்பிரகாஷ் வீடியோவில் வந்தான். சந்தனத் தலையைப் பார்த்ததும் பிடரியைச் சொறிந்துகொண்டான். சின்ன வயசில் பொய் சொல்லப் போகும்போதெல்லாம் சொறிந்துகொள்கிற அதே இடம்.

"அம்மா, நான் யோசிச்சேன். அந்தக் கடல் காத்து உனக்கு ஒத்துக்காதும்மா. மொட்டைத் தலைல பட்டா ஜன்னி வந்துரும். நைனா மட்டும் இந்தத் தடவ வரட்டும். உன்ன அடுத்த வருஷம் கூட்டிகினு போறேன். சம்மர்ல. நல்லா வெயில் இருக்கும்."

மனோரமா கட்டிலின் மேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். இடது பக்கம் அவளுடையது. ஒட்டுகிற பனியன், கம்பளி, கோட்டு, சால்வை, முழங்கால்வரை சாக்ஸ், குத்தாத குல்லா இரண்டு. மூன்று வாரமாக இந்த வீட்டில் குளிரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வடதுருவத்துக்குப் போனாலும் தாங்குகிற அளவுக்குத் துணியை அடைத்து வைத்துவிட்டு, இப்போது குளிருமாம்.

"ஜெயா, குளுரா, வெக்கமா?" என்று கேட்டாள்.

"என்னம்மா நீ..."

"கேட்டதுக்குச் சொல்லு."

அவன் பக்கத்தில் யாரையோ பார்த்தான். அங்கே சுசித்ரா இருந்திருக்க வேண்டும். "அவங்க வீட்ல வேற மாதிரி பழக்கம்மா. எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லிகினு இருக்கணும். ஒரு வாரம் கப்பல்ல, எங்க போனாலும் அவங்க கூடத்தான்... புரிஞ்சிக்கம்மா."

"என்ன வேண்டிகினேன்னு நீ கேக்கவே இல்லயே."

"விசாவுக்குத்தானே?"

"விசாவ வெச்சிகினு நான் நாக்கு வழிக்கவா? உன் மொகத்த நேர்ல பாக்கணும்னு வேண்டிகினேன். அவன் வழி விட்டுட்டான். நீதான் கதவ சாத்தற."

"அப்புறம் கூப்பிடறேம்மா," என்றான். படம் அணைந்தது.

மனோரமாவுக்கு அழுகை வந்தது. வந்ததே என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது. இவனுக்கா, இந்தப் பிடரி சொறிகிறவனுக்கா ஐந்து வருஷம் ஏங்கினோம் என்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். முடியைக் கொடுத்ததற்கு ஒரு துளி வருத்தமில்லை. சாமி கேட்டதைக் கொடுத்தான், அவளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நடுவில் நின்றவன்தான் நழுவிவிட்டான்.

தணிகைமணி பக்கத்திலேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை, 'அவ வரலன்னா நானும் வரலடா' என்று ஒரே ஒரு வார்த்தை போனைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் அவளும் முட்டாளாகக் காத்திருந்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டிக்கெட்டு வேற போட்டுட்டான். வாபஸ் தர மாட்டாங்களாம். ரெண்டும் வீணா போவக்கூடாதில்ல?"

"போவக்கூடாது," என்றாள் மனோரமா.

அந்தக் குரலில் இருந்தது அவருக்கு எட்டவில்லை. அவர் கண் பெட்டியின் இடது பக்கத்துக்குப் போய்விட்டது. "மனோ, அப்போ உன் பக்கம் காலிதானே? அந்தக் கம்பளி ஸ்வெட்டர், பெரிசா இருக்குதே, அத நான் எடுத்துக்கட்டா? உள்ள போட்டா பொம்பள ஸ்வெட்டர்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

மனோரமா புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இந்தத் தொந்தியை, இந்தத் தலையாட்டலை, இந்த நாற்பது வருஷத்தை. பிறகு தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் அடுக்கினாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஒண்ணு மேல ஒண்ணா நல்லா போட்டுக்குங்க. உள்ள மனுசன் இருக்கானான்னு எவனும் தொறந்து பாக்கப் போறதில்ல."

"ஆங், அதுவும் சரிதான்," என்றார் தணிகைமணி. ஸ்வெட்டரைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் விழாமல் மடிக்க ஆரம்பித்தார்.